கயிறு ராசிக் கட்டிக்கொண்டு வந்த கார்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் போய் ராசிக் வீடு எது என்று கேட்டால், எந்த ராசிக் என்று திருப்பிக் கேட்பார்கள். ரொட்டிக்கடை ராசிக் ஒருவர் இருந்தார். தொப்பி தைக்கிற ராசிக் ஒருவர் இருந்தார். கயிறு ராசிக் என்று சொல்லிவிட்டால் மட்டும் மறுபேச்சு கிடையாது. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் வாசலிலேயே விட்டுவிடுவார்கள்.

கயிற்றுக்கடை ஒன்றும் அவரிடம் இல்லை. சாமான் கட்டுவதுதான் தொழில். மருதானை ரெயில் சரக்குக் கொட்டகையில் கோச்சியில் ஏற்றுகிற சாமான் உடையக்கூடியதாக இருந்தால், அதுவும் உடைந்தால் ஒரு குடும்பமே உட்கார்ந்து அழக்கூடியதாக இருந்தால், அதைக் கட்ட அவரைத்தான் தேடி வருவார்கள். பியானோ கட்டியிருக்கிறார். ஆளுயரக் கண்ணாடி கட்டியிருக்கிறார். மன்னாருக்குப் போன தேவாலய மணி ஒன்றை அவர் கட்டிய கட்டில், அது வழி நெடுக ஒரு தடவைகூட வாய் திறக்காமல் போய்ச் சேர்ந்தது என்று அந்த ஊர்ச் சுவாமியார் கடிதம் எழுதினார். ராசிக்குக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அந்தக் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்காகத் திரிந்தார். வாசிக்கத் தெரிந்தவன் எவனாவது அகப்பட்டால் அவனுக்கு அன்றைக்கு விடுதலை இல்லை.

கட்டுகிற நேரத்தில் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். பக்கத்தில் யாரும் கதைக்கக் கூடாது. சுருட்டுப் பிடிக்கக் கூடாது. கட்டி முடித்த சாமானின் மேல் யார் வந்தாலும் ஏறக் கூடாது, கவர்னர் துரையே வந்தாலும் சரி. 'ஆள் ஏறினா சாமான் ஆடும், சாமான் ஆடினா கயிறு தளரும்' என்பார். அதற்கு மேல் விளக்கம் கேட்டால் கோபம் வரும்.

இப்படி ஊரெல்லாம் பேர் எடுத்த மனிதருக்கு வீட்டுக்குள் ஒரு பேரும் இல்லை. காரணம் ஒரு கார்.

ஆயிரத்துத் தொளாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷம் அவருக்குக் கல்யாணம் நடந்தது. அப்போது அவர் கறுவாத்தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பனி மனேஜர் வீட்டில் கார் கழுவுகிற வேலையில் இருந்தார். எட்டு வருஷம் அந்தக் காரைத் தேய்த்துத் தேய்த்து அதன் ஒவ்வொரு ஆணியும் அவருக்குப் பாடம். ஆனால் ஸ்டியரிங்கில் கைவைக்க டிரைவர் ஒரு நாளும் விட்டதில்லை. கல்யாணத்துக்கு அந்தக் காரைத் தருவதாகத் துரை ஒரு சந்தோஷத்தில் சொல்லிவிட்டார். மணப்பெண் றலியாவுக்குப் பதினாறு வயது. சும்மா இருப்பாளா? ஒழுங்கையில், அந்தச் சின்னச் சந்தில், இருந்த பெண்கள் எல்லாரிடமும் காரில் போகப்போகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள். கொட்டாஞ்சேனையில் அந்த நாளில் கார் வருவது என்றால் கடைக்காரன் தராசைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வருகிற காலம்.

குறித்த நேரத்தில் துரைக்கு வேறு எங்கோ விருந்து. கார் வரவில்லை. ரிக்‌ஷாதான் வந்தது. ஒழுங்கை முழுக்கச் சிரித்தது. றலியா முக்காட்டுக்குள் அழுதுகொண்டே ரிக்‌ஷாவில் ஏறினாள். ராசிக் அடுத்த நாளே அந்த வேலையை விட்டார். அன்று இரவு அவளிடம் ஒரு வாக்குக் கொடுத்தார்: "ஒரு நாளைக்கு நான் ஸ்டியரிங்கப் புடிக்க, நீ எனக்குப் பக்கத்துல குந்திக்கொண்டு வருவ. இது நடக்கும் புள்ள, நடக்காம உடமாட்டன்."

நடக்கவில்லை. வருஷங்கள் போயின. மூன்று பெண்பிள்ளைகள் பிறந்தார்கள், இரண்டு பேருக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. கொழும்பில் கார்கள் எறும்பு மாதிரிப் பெருகிவிட்டன. ஒரு பெருநாளைக்கு ராசிக் வாடகைக் கார் பிடிக்கலாம் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"வாடகைக் கார டிரைவர்தான் ஓட்டுவான். நீங்க பின்னால என்னோட சும்மா குந்திக்கொண்டு வரப்போறீங்க. அதுக்கு நான் பஸ்ஸிலயே போறன்," என்றாள் றலியா.

அதோடு சரி. சண்டையில்லை, சத்தமில்லை. ஆனால் ரோட்டில் கார் ஒன்று போனால் போதும், அவரை ஒரு பார்வை பார்ப்பாள். இருபத்தாறு வருஷத்தில் கொழும்பில் எத்தனை கார் ஓடியது என்று யோசித்துப் பாருங்கள். அத்தனை பார்வையையும் வாங்கிய மனிதர் அவர். தான் கொடுத்த வாக்குகளில் பொய்த்துப் போனது அது ஒன்றுதான் என்பது அவருக்கு உள்ளூர அரித்துக்கொண்டே இருந்தது.

முப்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசி மாதம் வெள்ளவத்தையிலிருந்து வக்கீல் தொழில் செய்கிற புறொக்டர் சிவானந்தன் அவரைத் தேடி வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், நல்ல வருமானம், வீட்டில் ஏற்கெனவே ஒரு சின்னக் கார், அதற்கு ஒரு டிரைவர்.

"நானா, வண்ணார்பண்ணையில ஒரு பழங்கார் வாங்கிப்போட்டன்," என்றார் புறொக்டர், அண்ணன் முறையில் அழைத்து. குரலில் பெருமையும் வெட்கமும் சரிபாதி. "தொளாயிரத்துப் பத்தாம் ஆண்டுச் சாமான். நான் பள்ளிக்கூடம் போற காலத்தில அது போனா நாங்கள் பெடியள் எல்லாம் அந்தப் புழுதிக்குள்ள ஓடுவம். இப்ப அந்த வீட்டுக்காரர் அதை விக்கினம் எண்டு கேள்விப்பட்டவுடன என்னால இருக்க ஏலாமல் போச்சு. மனுசி ஏசுறா. விறகுக்குப் போற சாமானுக்குக் கோச்சிக் கூலி வேறயோ எண்டு கேக்கிறா."

"ஓட்டிக்கொண்டு வர ஏலாதா ஐயா?"

"ஓடும் எண்டு மெக்கானிக் சொல்லுறான். ஆனையிறவு தாண்டுமோ எண்டு கேட்டா வானத்தைப் பாக்கிறான். மரச்சில்லு நானா. இருநூற்றைம்பது மைல். கீறல் விழாமல் கொண்டுவந்து தர ஆர் இருக்கினம் எண்டு விசாரிச்சன். எல்லாரும் உங்களைத்தான் சொல்லினம்."

கூலியை இரண்டே சொல்லில் பேசி முடித்தார்கள். புறொக்டர் எழும்பும்போது ராசிக் தலையைச் சொறிந்தார். நாற்பத்தெட்டு வயதில் கல்யாண மாப்பிள்ளை மாதிரிக் கூச்சம் வந்துவிட்டது.

"ஐயா, இன்னும் ஒரு சாமான் ஈக்கி. காரக் கொண்டுவந்து எறக்கின பொறகு, ஒங்கட வளவுக்குள்ள ஒரே ஒரு சுத்து. ஸ்டியரிங்க நான் புடிக்கோணும். எங்கட வீட்டுக்காரி பக்கத்துல குந்தோணும்."

புறொக்டர் காரணம் கேட்டார். ராசிக் சொன்னார். பழங்காரின் பின்னால் ஓடின மனிதருக்கு இது விளங்காமல் போகுமா? "ஓம் நானா, ஓம். அது என்ர பொறுப்பு," என்று கையைப் பிடித்துச் சொன்னார்.

அன்றைக்கு றலியாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தவில்லை. "பாப்பம்," என்றாள். ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் வெள்ளவத்தை ஸ்டேஷனுக்கு வந்து நில் என்றதற்கு, எத்தனை மணிக்கு என்று கேட்டாள். அதுவே ராசிக்குக்குப் பெரிய காரியமாக இருந்தது.

யாழ்ப்பாணம் போய்க் காரைப் பார்த்தார். பித்தளை விளக்கு, ரப்பர்க் குமிழ் ஊதுகுழல், முன்னால் கையால் சுற்றுகிற கம்பி. கறுவாத்தோட்டத்தில் தான் தேய்த்த காரின் தம்பி போல இருந்தது. அந்த நாளைய தார் போடாத ரோட்டும், குதிரை வண்டிக்காரர் கார்ச் சத்தத்துக்குக் குதிரையின் கண்ணைப் பொத்துவதும், தோட்டத்துக் கறுவா வாசமும் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன. கொஞ்ச நேரம் சும்மா சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கினார்.

பெற்றோல் முழுவதையும் வடித்தார். பெற்றோலோடு கார் ஏற்ற ரெயில்வேயில் விடமாட்டார்கள். தண்ணீரையும் திறந்து விட்டார். விளக்குகளைக் கழற்றித் தன்னுடைய மாற்றுச் சாரத்தில் சுற்றி வைக்கோல் பெட்டிக்குள் வைத்தார். திறந்த வாகனில், மேல்மூடி இல்லாத சரக்குப் பெட்டியில், காரை ஏற்றி, அச்சுக்கும் உடம்புக்கும் நடுவில் பனைமரக் கட்டை கொடுத்து ஸ்பிரிங் ஆடாமல் பண்ணினார். கயிற்றை அச்சில்தான் கட்டினார், உடம்பில் ஓர் இடத்திலும் படவிடவில்லை. மரச்சில்லில், அந்த மரச் சக்கரங்களில், கயிறு உரசுகிற இடத்துக்கெல்லாம் சாக்கு. புதன்கிழமை மத்தியானம் வண்டி புறப்பட்டது. ராசிக் கார்டின் பெட்டியில் இருந்தார். வண்டி எங்கே நின்றாலும் இறங்கி ஓடிப்போய், ஒவ்வொரு கயிற்றையும் பெருவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு வருவார்.

வவுனியாவில் எதிர் வண்டிக்காக வெயிலில் போட்டுவிட்டார்கள். கார்டு நல்ல மனிதர். "ஏன் நானா வெயில்ல நிக்கிறீங்க? கார்ல ஹுட் இருக்குதானே, ஏறிக் குந்துங்களேன்," என்றார்.

ராசிக் காரைப் பார்த்தார். தோல் இருக்கை, கைக்கு எட்டுகிற தூரத்தில் ஸ்டியரிங். ஆசை இல்லாமலா? எட்டு வருஷம் கழுவின கை. ஆனால் கட்டின சாமானில் ஆள் ஏறக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் இருந்தது. றலியா ஏறாமல் தான் மட்டும் ஏறினால் அது என்ன வாக்கு? தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு வெயிலிலேயே நின்றார்.

பொல்காவலையில் மழை பிடித்தது. நல்ல அடைமழை. காய்ந்த தேசத்தில் கட்டின கயிறு ஈரத்தில் இறுகி, சாக்கையும் மீறி மரச்சில்லைக் கடிக்கத் தொடங்கிவிட்டது. வேறு ஆளாக இருந்தால் இறுக்கமாக இருக்கிறது, நல்லது என்று விட்டிருப்பான். ராசிக் தொப்பலாக நனைந்துகொண்டு ஒவ்வொரு முடிச்சாக அரைப்பிடி இளக்கினார். சில்லில் ஒரு கோடுகூட விழவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வெள்ளவத்தை. ஸ்டேஷனில் புறொக்டர், அவருடைய டிரைவர் காளியப்பன், நாலைந்து அயலவர்கள். எல்லாருக்கும் முன்னால் புறொக்டரின் மனைவி கனகேஸ்வரி, தேசிக்காய், தேங்காய், கற்பூரம், சந்தனம் எல்லாம் ஒரு தட்டில் வைத்துக்கொண்டு நின்றார். விறகுக்குப் போகிற சாமான்தான். இருந்தாலும் வீட்டுக்கு வருகிற வாகனம் அல்லவா? பஞ்சாங்கம் பார்த்து ஒன்பதே முக்காலுக்கும் பத்தேகாலுக்கும் இடையில் நேரம் வைத்திருந்தார். கடல்பக்க வேலியோரம், கொஞ்சம் தள்ளி, றலியா. பெருநாளுக்கு மட்டும் எடுக்கிற நீலச் சேலை. முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, சும்மா கடல் பார்க்க வந்தவள் போல் நின்றாள்.

வாகன் வந்தது பத்து இருபத்தைந்துக்கு.

"இஞ்சாருங்கோ, பத்தரைக்கு ராகு காலம்!" என்றார் கனகேஸ்வரி. "நானா, அஞ்சு நிமிசத்தில இறக்குங்கோ. முதல்ல நான் ஏறவேணும், பிறகு பிள்ளையள். வேற ஒருதரும் இண்டைக்கு ஏறக் குடாது."

ராசிக் புறொக்டரைப் பார்த்தார். புறொக்டர் கடலைப் பார்த்தார். மனைவியிடம் சொல்ல மறந்துவிட்டாரா, சொல்லப் பயந்துவிட்டாரா என்பது அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். கோர்ட்டில் சிங்கம் மாதிரிக் கதைக்கிற மனிதர். றலியா அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கிற அந்தப் பார்வையை ராசிக் திரும்பிப் பார்க்காமலே உணர்ந்தார். இன்றைக்கும் ரிக்‌ஷாதான் என்று நினைத்திருப்பாள்.

"அஞ்சு நிமிசத்துல ஏலா அம்மா. முடிச்சு அவுக்கவே அரை மணித்தியாலம் போகும்," என்றார்.

"கயித்தை வெட்டுங்கோவன்!"

"வெட்டினா ஒரு பக்கம் துள்ளிப் போடும். இருநூத்தம்பது மைல் கொண்டுவந்து இங்கெ ஒடைக்கவா?" கோபம் அவருக்கும் வந்தது, ஆனால் அது கயிற்றைப் பற்றிய கோபம் இல்லை. குனிந்து முடிச்சுகளை அவிழ்க்கத் தொடங்கினார். எந்த முடிச்சையும் அவசரப்படுத்தவில்லை.

கயிறு அவிழ்ந்து, கட்டை எடுத்து, பலகை போட்டு முடிகிறபோது பதினொன்று ஆக ஐந்து நிமிஷம். ராகு காலம் நடுவில் நிற்கிறது. பன்னிரண்டு வரைக்கும் பொறுக்கலாம் என்றார் கனகேஸ்வரி. ஸ்டேஷன் மாஸ்டர் வந்து கையை விரித்தார். வெறும் வாகனை எடுக்கக் கல்கிசையிலிருந்து எஞ்சின் திரும்பி வருகிறது. கார் இறங்க வேண்டும். இறங்கினால் மேடையை அடைத்துக்கொண்டு நிற்கவும் விடமாட்டார். இப்போதே இறக்கி, இப்போதே வெளியே கொண்டுபோக வேண்டும். காரில் ஒரு சொட்டுப் பெற்றோல் கிடையாது. தள்ளத்தான் வேண்டும். தள்ளுவதற்கு ஆள் உண்டு. ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் பிடிக்க உள்ளே ஓர் ஆள் இருக்க வேண்டுமே.

எல்லாரும் காளியப்பனைப் பார்த்தார்கள். அவர் இரண்டு அடி பின்னால் போனார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. எனக்கு நாலு புள்ளைங்க இருக்கு. ராகு காலத்துல புதுசா வந்த வண்டியில கைய வைக்க மாட்டேன்."

கனகேஸ்வரி அவரைக் கோபிக்கவில்லை. தானே அந்த இடத்தில் இருந்தாலும் ஏறமாட்டார். புறொக்டர் தன் பழங்காரை ஆசையோடு பார்த்துவிட்டு மனைவியைப் பார்த்தார். அதற்கு மேல் அசையவில்லை. தூரத்தில் எஞ்சின் ஊதியது.

ராசிக் துவாயால் கையைத் துடைத்தார். "ஐயா, எங்களுக்கு ராகு காலம் இல்ல," என்றார்.

இத்தனை நேரம் இது ஒருவருக்கும் தோன்றவில்லை. புறொக்டருக்கு அப்போதுதான் உயிர் வந்தது. "கனகம், நான் நானாவுக்கு ஒரு சொல்லுக் குடுத்தனான்," என்று தொடங்கி, ரிக்‌ஷா முதல் இன்றைக்கு வரை மளமளவென்று முழுக்கதையையும் சொல்லிவிட்டார். கோர்ட்டில் கதைப்பது மாதிரியே கதைத்தார்.

கனகேஸ்வரி வேலிப்பக்கம் திரும்பினார். "அது உங்கட மனுசியோ? இவ்வளவு நேரமும் அங்கயோ நிக்கிறா? ஏன் பிள்ளை, இஞ்ச வாங்கோ." றலியா வந்தாள். கனகேஸ்வரி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, உண்மையான பயத்தோடு கேட்டார்: "உங்களுக்கு ஒண்டும் ஆகாதோ? பிறகு எனக்கு மனசு கேக்காது."

"பிஸ்மி சொல்லி ஏறினா எங்களுக்கு எல்லா நேரமும் நல்ல நேரந்தான் அம்மா," என்றாள் றலியா.

"அப்ப நீங்கள்தான் முதல்ல ஏறுங்கோ. வீட்டுக்கு வாற வாகனத்தில ஒரு வாழ்வரசி முதல் ஏறினா நல்லதுதானே," என்றார் கனகேஸ்வரி. தட்டை மட்டும் துணியால் மூடிக்கொண்டார். தேங்காய் பன்னிரண்டுக்குப் பிறகுதான்.

ராசிக் ஏறவில்லை, வெளியே நின்றபடியே ஸ்டியரிங்கைப் பிடித்தார். ஆட்கள் பின்னால் கயிற்றை இழுத்துப் பிடிக்க, பலகை வழியாகக் காரைப் பத்திரமாக மேடைக்கு இறக்கி நிறுத்தினார். பிறகு பக்கத்து இருக்கையைத் துவாயால் துடைத்தார். றலியா பிஸ்மி சொல்லி முதலில் ஏறிக் குந்தினாள், அதற்குப் பிறகுதான் ராசிக் ஏறினார்.

தள்ளத் தொடங்கினார்கள். இரண்டு போர்ட்டர்மார், காளியப்பன் (பின்னால் கைவைத்துத் தள்ளுவதற்கு ராகு காலத் தடை இல்லையாம்), மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த ஒரு மீன்காரர், வழியில் நின்ற பத்துப் பதினைந்து பேர். ஒழுங்கை வீடுகளில் எல்லாம் ஜன்னல் திறந்தது. சைக்கிள்காரர்கள் இறங்கி நின்றார்கள். காருக்குச் சொந்தக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு தன் காருக்குப் பின்னால் நடந்து வந்தார். அவருக்கும் முகமெல்லாம் சிரிப்பு. இந்த வயதிலும் அந்தக் காரின் பின்னால்தான் வருகிறார்.

றலியா நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். ராசிக் ஓரக்கண்ணால் பார்த்தார். சந்தோஷமா, கோபமா என்று தெரியவில்லை. வெறும் கால் மைல். எஞ்சின் சத்தம்கூட இல்லை, ஆட்கள் மூச்சு வாங்குகிற சத்தம்தான். இதற்காகவா இருபத்தாறு வருஷம் என்று நினைக்கிறாளோ என்று அவருக்குப் பயம். ஜும்ஆத் தொழுகைக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. புறொக்டர் வீட்டு இரும்புக் கேற் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் அவள் வாய் திறந்தாள்.

"இன்னும் கொஞ்சம் மெல்லத் தள்ளச் சொல்லுங்களேன்," என்றாள்.

பின்னால் திரும்பி, வேர்த்து விறுவிறுத்துத் தள்ளுகிற மனிதர்களிடம் எப்படி அதைச் சொல்வது? சொல்லவில்லை. சாமான் விஷயத்தில் ஒருநாளும் ஒரு கள்ளமும் செய்யாத மனிதர், ஒருவருக்கும் தெரியாமல் கைப்பிரேக்கை மெல்ல, அரைப்பிடி அளவுக்கு இழுத்தார்.

கார் முனகிக்கொண்டு தயங்கித் தயங்கி நகர்ந்தது. தள்ளுகிறவர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

"என்ன நானா, திடீரெண்டு இவ்வளவு பாரமா ஈக்கி?" என்று பின்னாலிருந்து மீன்காரர் கத்தினார்.

"பழைய வண்டி மச்சான், அப்பிடித்தான் ஈக்கும்," என்றார் ராசிக். பக்கத்தில் றலியா முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு, பதினாறு வயதுக்காரி மாதிரி, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.